கணக்கு ஒன்று, கருவி பல

மாதக் கடைசி நெருங்கும் நாட்களில், மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் கடைவீட்டு மாடிகளில் இயங்கும் சிறு கணக்கியல் அலுவலகங்களிலும், கிள்ளான் துறைமுகத்தை அண்டித் தொழில் நடத்தும் சரக்கு லாரி நிறுவனங்களிலும், தெங்கு கிளானா சாலையின் துணிக்கடைகளிலும், ஊழியர்களின் சம்பளத்தையும் அதிலிருந்து பிடிக்க வேண்டிய சேமநிதி, சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, வருமான வரி ஆகியவற்றையும் கணக்கிட்டு, ஒவ்வொருவர் பெயருக்கும் சம்பளச் சீட்டுத் தயாரிக்கும் பணி மும்முரமாக நடைபெறுகிறது. தனி மென்பொருள் வாங்கும் வசதியோ அவசியமோ இல்லாத ஸ்தாபனங்களில் இப்பணியை நிறைவேற்றிக் கொடுப்பது பெரும்பாலும் ஓர் எக்செல் ஏடு; அந்த ஏட்டில், கணினி நுணுக்கம் அறிந்த யாரோ ஒருவர் அமைத்துத் தந்த ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ஊழியர் அனைவருடைய சீட்டுகளும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிந்து மின்னஞ்சலில் புறப்பட்டுச் செல்கின்றன. அதே ஏட்டை உரிமையாளர் தம் கைப்பேசியில் திறந்தாலோ, எண்கள் எல்லாம் ஒழுங்காகத் தெரிகின்றன. பொத்தானின் மேல் விரல் எத்தனை முறை பட்டாலும் ஒரு காரியமும் நிகழ்வதில்லை.

கோப்பு கெட்டுவிட்டது என்று ஒருவர் நினைக்கிறார். கைப்பேசி பழுதென்று மற்றொருவர் நினைக்கிறார். இரண்டும் அல்ல. ஒரே ஏட்டுக்குள் இருவேறு இயல்புடைய வஸ்துக்கள் சேர்ந்து இருக்கின்றன என்பதும், அவற்றுள் ஒன்று எந்தக் கருவிக்கும் பொதுவானது, மற்றொன்று ஒரு குறிப்பிட்ட சூழலில் மட்டுமே உயிர் பெறுவது என்பதும் விளங்கிவிட்டால், இக்குழப்பம் முழுவதும் தெளிந்துவிடும். அந்த வேறுபாட்டை விளக்குவதும், அதிலிருந்து நம் கணக்குகளை எவ்வாறு அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு வருவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கெழுதும் தொழில் இவ்வட்டாரத் தமிழருக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரயில்வே இலாகாவின் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறியவர்கள், பேரேட்டில் மையால் பத்தி பத்தியாக எண்களை எழுதி, கூட்டி, சரிபார்த்து வாழ்ந்தார்கள். அந்தப் பேரேட்டின் கட்டங்கள் மின்திரைக்கு வந்தது 1979-இல். டேன் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்னும் இரு அமெரிக்கர்கள் ஆப்பிள் இரண்டு கணினிக்காக இயற்றிய விசிகால்க் என்னும் மென்பொருளில், ஒரு கட்டத்திலுள்ள எண்ணை மாற்றியவுடன் அதைச் சார்ந்த கட்டங்கள் எல்லாம் தாமே திருத்திக்கொண்டன. 1983-இல் வெளியான லோட்டஸ் 1-2-3 மேலும் ஒரு படி சென்று, ஒருவர் விசைப்பலகையில் வரிசையாகத் தட்டும் தட்டல்களைக் கட்டங்களில் எழுதிவைத்துப் பின்னர் ஒரே கட்டளையில் திரும்பச் செய்யும் வசதியை அளித்தது. மேக்ரோ என்பது கணக்குத் தாளில் வழக்கமானது அக்காலத்தில்தான். மைக்ரோசாப்டின் எக்செல் 1985-இல் முதலில் மெக்கின்டாஷ் கணினிக்கும், 1987-இல் விண்டோஸுக்கும் வந்தது. 1993-இல் வெளியான அதன் ஐந்தாம் பதிப்பில் விஷுவல் பேசிக் என்னும் நிரல்மொழியின் ஒரு கிளை சேர்க்கப்பட்டது. விபிஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அம்மொழியில்தான் இன்றும் நம் அலுவலகப் பொத்தான்களின் பின்னாலுள்ள மேக்ரோக்கள் எழுதப்படுகின்றன.

சூத்திரத்துக்கும் மேக்ரோவுக்கும் உள்ள பேதத்தை ஓர் உண்மையான கணக்கைக் கொண்டே பார்ப்போம். 1951-இல் நிறுவப்பட்ட ஊழியர் சேமநிதியின் விதிப்படி, 60 வயதுக்கு உட்பட்ட மலேசியக் குடிமகன் ஒருவரின் மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாவிட்டால், ஊழியர் 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் செலுத்த வேண்டும். ஆனால் சம்பளத்தை நேரே விழுக்காட்டால் பெருக்கிவிட்டால் விடை தவறிவிடும். சேமநிதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இவ்வரம்புக்கு உட்பட்ட சம்பளங்களை 20 ரிங்கிட் அளவுள்ள படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியின் உச்சத் தொகைக்கும் சந்தாவைக் கணித்து, சில்லறையை அடுத்த முழு ரிங்கிட்டுக்கு உயர்த்தி வைத்திருக்கிறது. 2,350 ரிங்கிட் சம்பளம் வாங்குபவர் 2,340-க்கு மேல் 2,360 வரையுள்ள படியில் அடங்குகிறார். 2,360-இன் 11 விழுக்காடு 259.60, அது 260 ஆகிறது. 13 விழுக்காடு 306.80, அது 307 ஆகிறது. 2,350-ஐ நேரே பெருக்கியிருந்தால் 258.50-ம் 305.50-ம் கிடைத்திருக்கும்.

இந்தக் கணக்கைச் செய்ய மேக்ரோ தேவையே இல்லை. ஓர் எண்ணை 20-இன் அடுத்த மடங்குக்கு உயர்த்தும் செயல்கூறும், பெருக்கி வந்த தொகையை மேல்நோக்கி முழுமையாக்கும் செயல்கூறும் எக்செலிலும், கூகுள் தாளிலும், லிப்ரே ஆபிஸிலும், அவற்றின் கைப்பேசி வடிவங்களிலும் இருக்கின்றன. இவ்விரண்டையும் ஒரு கட்டத்தில் இணைத்து எழுதிவிட்டால் அது சூத்திரம்; அதாவது, ஒரு கட்டத்தின் மதிப்பு மற்றொரு கட்டத்தின் மதிப்போடு என்ன சம்பந்தம் உடையது என்னும் நிலையான பிரகடனம். சூத்திரத்தில் 'முதலில் இதைச் செய், பின்னர் அதைச் செய்' என்னும் ஏவல் இல்லை. மேக்ரோவோ முழுதும் ஏவலே: இந்தத் தாளைத் திற, முதல் ஊழியரின் எண்ணை எடுத்து இக்கட்டத்தில் இடு, பக்கத்தை அச்சுக்கோப்பாக மாற்று, இந்தப் பெயரில் இந்த அடைவில் சேமி, அஞ்சல் மென்பொருளை எழுப்பி அனுப்பு, அடுத்த ஊழியருக்குச் செல். சூத்திரம் கணக்கின் உள்ளே நிற்கிறது. மேக்ரோ கணக்கைத் தாண்டிக் கணினியின் அடைவுகளையும், அச்சுப்பொறியையும், பிற மென்பொருள்களையும் தொடுகிறது. எனவேதான் எந்தக் கணினி, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பவை எல்லாம் மேக்ரோவுக்கு முக்கியமாகின்றன.

கோப்பின் அமைப்பைப் பார்த்தால் இந்தப் பிரிவினை கண்ணுக்கே தெரியும். எக்செல் 2007 முதல் ஏடுகள் சுருக்கப்பட்ட பொதிகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஓர் ஏட்டின் பிரதி ஒன்றை எடுத்து, அதன் பெயரின் கடைசிப் பகுதியை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பார்த்தால், உள்ளே தாள்கள், எழுத்துச் சரங்கள், நிறங்கள், வடிவங்கள் ஆகியவை தனித்தனிக் கோப்புகளாக, எக்ஸ்எம்எல் என்னும் திறந்த வாசக வடிவில் இருப்பதைக் காணலாம். இதன் இலக்கணம் 2008-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டுவிட்டபடியால், யார் வேண்டுமானாலும் இதைப் படிக்கும் மென்பொருள் எழுத முடியும். ஏட்டின் பெயர் எக்ஸ்எல்எஸ்எம் என்று முடிவதாயின், இவற்றோடு விபிஏ புராஜெக்ட் என்னும் இரும வடிவக் கோப்பு ஒன்றும் இருக்கும். மேக்ரோக்கள் முழுவதும் அதற்குள்ளேதான் அடங்கியுள்ளன. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று முடியும் ஏட்டில் அக்கோப்புக்கு இடமில்லை. ஆகவே மேக்ரோ உள்ள ஏட்டை அப்பெயரில் சேமித்தால், ஓர் எச்சரிக்கைக்குப் பின், மேக்ரோக்கள் நீங்கிவிடுகின்றன.

கைப்பேசியிலுள்ள எக்செல் இந்தப் பொதியைத் திறக்கும்போது, திறந்த வாசகப் பகுதிகளைப் படித்துத் திரையில் காட்டுகிறது. சூத்திரங்களைத் தன் சொந்தக் கணிப்பானால் கணக்கிடுகிறது. விபிஏ கோப்பைத் தொடாமல் பத்திரமாக வைத்திருந்து, சேமிக்கும்போது மறுபடியும் பொதிக்குள் இட்டுவிடுகிறது. மருந்துச் சீட்டை வாங்கிப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஒருவர் அதைத் தொலைத்துவிடவில்லை. ஆனால் அதைப் படித்து மருந்து கலக்கத் தெரிந்தவர் அவ்விடத்தில் இல்லை. கைப்பேசியின் நிலை அதுவே. விபிஏ மொழியைப் பொருள்கொண்டு நிறைவேற்றும் யந்திரத்தை மைக்ரோசாப்ட் விண்டோஸ், மேக் ஆகிய இரண்டின் மேசைக் கணினிப் பதிப்புகளில் மட்டுமே வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஐபேடிலும் அது இல்லை. உலாவியில் திறக்கும் இணைய எக்செலிலும் இல்லை. விண்டோஸில் ஒரு மென்பொருள் மற்றொன்றை எழுப்பி ஏவல் கொடுக்க உதவும் உள்கட்டமைப்பின் மீதுதான் விபிஏ கட்டப்பட்டது. கைப்பேசியிலோ ஒவ்வொரு செயலியும் தன் வேலியை விட்டு வெளியேறாதபடி இயக்க அமைப்பு காவல் செய்கிறது. ஒரு செயலி மற்றொன்றின் கோப்புகளைத் தன்னிச்சையாகத் தொட அங்கே அனுமதியில்லை. ஆகவே இது விலை மலிந்த கைப்பேசியின் குறையன்று. இருவேறு கொள்கைகளின் விளைவு.

மேசைக் கணினி என்றால் எல்லாம் சுகமே என்று எண்ணிவிடவும் கூடாது. 2010-ஆம் ஆண்டுப் பதிப்பில் எக்செலின் 64 பிட் வடிவம் முதன்முதலாக வந்தது. நினைவக முகவரிகள் அதுவரை நான்கு பைட்டுகளில் அடங்கியிருந்தன. 64 பிட்டில் அவற்றுக்கு எட்டு பைட்டுகள் வேண்டும். விண்டோஸின் உட்செயல்களை நேரடியாக அழைக்கும் பழைய மேக்ரோக்கள் முகவரியை நான்கு பைட்டு எண்ணாகவே கருதி எழுதப்பட்டிருந்தமையால், புதிய வடிவில் அவை தொடக்கத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். அறிவிப்பு வரிகளில் 'பிடிஆர்சேஃப்' என்னும் குறிச்சொல்லைச் சேர்த்து, முகவரிகளை 'லாங்பிடிஆர்' வகையாக மாற்றினால்தான் இரு வடிவங்களிலும் ஓடும். அலுவலகத்தில் பழைய 32 பிட் பதிப்பும், புதிதாக வாங்கிய கணினியில் 64 பிட் பதிப்பும் இருக்கும் இடங்களில் இத்தொல்லை எழுவது இயல்பே.

மேக் கணினியின் சரித்திரம் இன்னும் விசித்திரமானது. எக்செல் முதலில் பிறந்த அந்தக் கணினிக்கென வெளியிடப்பட்ட 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் விபிஏ அடியோடு நீக்கப்பட்டது. பயனாளர்களின் வருத்தத்துக்குப் பின் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பில் திரும்பி வந்தது. இன்றும் ஆக்டிவ் எக்ஸ் என்னும் விண்டோஸ் வகைப் பொத்தான்களும் பட்டியல்களும் மேக்கில் இயங்குவதில்லை. சாதாரணப் படிவப் பொத்தான்கள் இயங்குகின்றன. அடைவுகளின் பெயரை விண்டோஸ் பாணியில் மேக்ரோவுக்குள் எழுதிவைத்தால் மேக் அதைக் கண்டுகொள்ளாது. 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அங்கும் செயலிக்கு வேலியிடப்பட்டதால், கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பயனாளரின் சம்மதத்தைக் கோர நேரிடலாம். பழைய மேக் எக்செல் நாட்களை 1904 முதலாகவும், விண்டோஸ் எக்செல் 1900 முதலாகவும் எண்ணியதால், ஒன்றின் தேதிகளை மற்றொன்றுக்கு வெட்டி ஒட்டும்போது 1,462 நாட்கள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும், பிசகிவிடும். ஊழியரின் சேவைக்காலத்தைக் கணக்கிடும் ஏட்டில் இது சாதாரணப் பிழையன்று.

இலவச மென்பொருள்களை எடுத்துக்கொண்டால், மலேசியாவுக்கு அதில் ஒரு தனி அனுபவம் உண்டு. 2004-இல் மாம்பு என்னும் அரசு நிர்வாக நவீனமயத் திட்டப் பிரிவு, பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. அதன் பயனாக அரசு அலுவலகங்கள் பலவற்றில் ஓப்பன் ஆபிஸ் இடம்பெற்றது. எழுத்து ஆவணங்களை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எளிது. மேக்ரோ கலந்த கணக்கேடுகளை மாற்றுவதே இத்தகைய முயற்சிகளில் எங்கும் கடினமான பகுதியாக இருக்கிறது. ஓப்பன் ஆபிஸும், 2010-இல் அதிலிருந்து பிரிந்த லிப்ரே ஆபிஸும் தமக்கென ஒரு பேசிக் மொழியை உடையன. விபிஏ மேக்ரோக்களை லிப்ரே ஆபிஸ் ஓரளவு புரிந்துகொண்டு நிறைவேற்றவும் செய்கிறது. கட்டங்களை நிரப்புதல், வரிசைப்படுத்தல், எண்களைப் படித்தல் போன்ற எளிய ஏவல்கள் பெரும்பாலும் செல்லும். அவுட்லுக்கை எழுப்பி அஞ்சல் அனுப்புதல் போன்றவை தடைப்படும். டபிள்யூபிஎஸ் ஆபிஸிலும் மேக்ரோ வசதி எல்லாப் பதிப்புக்கும் பொதுவன்று.

மேக்ரோக்களோடு சூத்திரங்களிலும் பதிப்பு வேற்றுமை புகுந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எக்ஸ்லுக்அப் என்னும் தேடற் செயல்கூறு எக்செல் 2021-லும் சந்தா முறைப் பதிப்பிலும் உண்டு. 2019-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அதற்கு முந்தியவற்றிலும் இல்லை. புதிய கணினியில் அதைக் கொண்டு எழுதிய ஏடு பழைய கணினியில் திறந்தவுடன் ஒழுங்காகத் தோன்றும். ஆனால் மறுகணக்கீடு நிகழும்போது பெயர் தெரியவில்லை என்னும் பிழைக்குறி தோன்றிவிடும். எல்லோரும் திறக்க வேண்டிய ஏட்டில் இண்டெக்ஸ், மேட்ச் என்னும் பழைய ஜோடியைப் பிரயோகிப்பதே உசிதம்.

கூகுள் தாள் முற்றிலும் வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கே விபிஏ இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்படும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அந்த நிரல் நம் கையிலுள்ள கருவியில் ஓடாமல் கூகுளின் வழங்கியில் ஓடுகிறது என்பதே முக்கியமான சூட்சுமம். நிரலுக்காக மேசைக் கணினியில் அமைத்த தனிப் பட்டி கைப்பேசிச் செயலியில் தோன்றாது. படத்தின் மேல் வைத்த பொத்தானும் வேலை செய்யாது. எனினும், ஒரு கட்டத்தில் தேர்வுப்பெட்டி ஒன்றை அமைத்து, அக்கட்டம் திருத்தப்பட்டால் இந்த நிரல் ஓடட்டும் என்று விசை கட்டிவைத்தால், கைப்பேசியில் அப்பெட்டியைத் தொட்டவுடன் தொலைவிலுள்ள வழங்கியில் நிரல் ஓடிவிடுகிறது. எளிய விசைக்கு அஞ்சல் அனுப்பும் அதிகாரம் இல்லை. முறைப்படி அனுமதி அளித்து நிறுவிய விசைக்கு உண்டு. மைக்ரோசாப்டும் பிற்காலத்தில் இதே மார்க்கத்தில் ஆபிஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்னும் புதிய முறையைக் கொண்டுவந்துள்ளது. கருவியில் ஓடும் நிரலுக்கு இணையம் வேண்டாம், ஆனால் அதே கருவி வேண்டும். வழங்கியில் ஓடும் நிரலுக்கு எந்தக் கருவியும் போதும், ஆனால் இணையமும், கணக்கை அந்நிய வழங்கியில் வைக்கும் சம்மதமும் வேண்டும். எதைத் தேர்ந்தாலும் ஒன்றை விட்டுக்கொடுத்தே மற்றொன்றைப் பெறுகிறோம்.

தமிழில் கணக்கு வைப்பவர்களுக்கு இன்னும் ஒரு பிரத்தியேகமான சிக்கல் உண்டு. வேறு மொழியினர் எழுதும் வழிகாட்டிகளில் இதைப் பற்றிப் பேச்சே இராது. எக்செலின் கட்டங்கள் யூனிகோடை முழுமையாக ஏற்பவை. தமிழ்ப் பெயர்களை அங்கே தாராளமாக எழுதலாம். ஆனால் மேக்ரோ எழுதும் விபிஏ சாளரம் யூனிகோடுக்கு முந்திய காலத்தது. அது கணினியில் அமைந்துள்ள ஒரு பழைய எழுத்துத் தொகுதியைக் கொண்டே நிரலைச் சேமிக்கிறது. ரஷ்ய மொழிக்கும் அரபு மொழிக்கும் தாய் மொழிக்கும் அத்தகைய தொகுதிகள் விண்டோஸில் இருந்தன. தமிழுக்கு இருந்ததே இல்லை. அதனால் 'சம்பளச் சீட்டு' என்று ஒரு தாளுக்குப் பெயரிட்டு, அப்பெயரை மேக்ரோவுக்குள் எழுதினால், அங்கே வெறும் கேள்விக்குறிகளே நிற்கும். மேக்ரோ அத்தாளைக் கண்டுபிடிக்க மாட்டாது. மாற்று வழிகள் உண்டு: தாளுக்கு நிரலில் மட்டும் வழங்கும் உட்பெயரை ஆங்கில எழுத்தில் அமைத்துக்கொள்ளலாம், தமிழ் வாசகங்களை ஒரு தனித் தாளின் கட்டங்களில் எழுதிவைத்து அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம், அல்லது ஒவ்வொரு எழுத்தையும் அதன் யூனிகோடு எண்ணால் ஆக்கிக்கொள்ளலாம். அகரத்தின் எண் 2949, தகரத்தின் எண் 2980. இவற்றுள் இரண்டாவது வழியே சிறந்தது. நிரல் தெரியாதவரும் பின்னாளில் அவ்வாசகங்களைத் திருத்தலாம்.

யூனிகோடு பரவுவதற்கு முன் சேமித்த ஏடுகளின் கதி வேறு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களில் உருவாக்கிய முரசு அஞ்சல் இந்நாட்டில் தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்த பெரும்பணி. அக்காலத்துத் தமிழ் மென்பொருள்கள் எல்லாம் எழுத்துருவையே ஆதாரமாகக் கொண்ட குறியீடுகளைக் கையாண்டன. கோயில் பரிபாலன சபைகளிலும் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிலும் அவ்வாறு சேமித்த உறுப்பினர் பட்டியல்கள் இன்றும் இருக்கக்கூடும். அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் அவை பொருளற்ற லத்தீன் எழுத்துக்களாகத் தோன்றும். மேக்ரோவைப் பற்றிக் கவலைப்படுமுன் இவற்றை யூனிகோடுக்கு மாற்றிவைப்பது அவசரக் கடமையாகும்.

பள்ளிகளைக் குறிப்பிட்டோம். 2011-இல் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கிய பள்ளிசார் மதிப்பீடும், அதன் தொடர்ச்சியான வகுப்பறை மதிப்பீடும், ஒவ்வொரு மாணவரையும் ஒவ்வொரு பாடத்திலும் 1 முதல் 6 வரையுள்ள அடைவு நிலைகளில் குறிக்கக் கோருகின்றன. இதற்கு எக்செல் ஏடுகள் நாடெங்கும் வழக்கத்துக்கு வந்தன; கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியர் தொகையும் மாணவர் தொகையும் மிகுதியாதலால் அவற்றின் தேவையும் பெரிது. ஒரே ஏட்டைப் பள்ளிக் கணினியிலும், வீட்டு மடிக்கணினியிலும், கைப்பேசியிலும் ஆசிரியர்கள் திறக்கிறார்கள். அடைவு நிலையின் எண்ணைப் பதிவதும், அதற்குரிய விளக்க வாசகத்தைத் தேடி எடுப்பதும் சூத்திரத்தால் ஆகக்கூடியவை. வகுப்பிலுள்ள அனைவருடைய அறிக்கைகளையும் ஒரே மூச்சில் அச்சிடுவது மட்டுமே மேக்ரோவின் வேலை. இவ்வாறு பிரித்து அமைத்த ஏட்டில், ஆசிரியர் எந்தக் கருவியிலிருந்தும் மதிப்பெண் இடலாம். அச்சிடும் நாளில் மட்டும் பள்ளிக் கணினியை நாடினால் போதும்.

இனி, அபாயத்தைப் பற்றிய செய்தி. கோப்பு அடைவுகளையும் அஞ்சலையும் தொடும் சக்தி மேக்ரோவுக்கு உண்டு என்றோம். அந்தச் சக்தி தீயவர் கையிலும் அதே சக்திதான். 1995-இல் வேர்ட் ஆவணங்களில் பரவிய கான்செப்ட், 1996-இல் எக்செல் ஏடுகளில் பரவிய லாரூ, 1999 மார்ச்சில் ஒவ்வொருவருடைய முகவரிப் பட்டியலிலும் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்ட மெலிசா ஆகிய நச்சு நிரல்கள் எல்லாம் மேக்ரோக்களே. இதன் தொடர்ச்சியாக மைக்ரோசாப்ட் 2022-இல், இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை விண்டோஸில் தடுத்து வைப்பதையே இயல்பான நடைமுறையாக்கியது. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பின் மேல், அது வெளியிலிருந்து வந்தது என்னும் கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒன்றை விண்டோஸ் பதிக்கிறது. அம்முத்திரை இருக்கும் வரை பொத்தான் ஊமையாகவே இருக்கும், சிவப்புப் பட்டையில் எச்சரிக்கையும் தோன்றும். அனுப்பியவரை நேரில் அறிந்து, கோப்பு அவரிடமிருந்தே வந்ததென்று உறுதிசெய்த பின், கோப்பின் பண்புச் சாளரத்தில் தடையை நீக்கலாம். அல்லது நம்பத்தக்க இடமென ஓர் அடைவைக் குறித்து அதில் வைக்கலாம். எல்லா மேக்ரோக்களையும் எப்போதும் அனுமதிக்கும்படி எக்செலின் காவலையே தளர்த்திவிடுவது ஒருபோதும் தகாது. தாளுக்கு இடும் பாதுகாப்புக் கடவுச்சொல் தவறுதலான திருத்தத்தைத் தடுக்குமேயன்றி இரகசியத்தைக் காக்காது. ஊழியரின் அடையாள அட்டை எண்ணும் சம்பளமும் உள்ள ஏட்டுக்கு, திறக்கும்போதே கேட்கும் கடவுச்சொல்லை இட்டு மறையாக்கம் செய்வதே முறை. 2013 நவம்பரில் அமலுக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வணிகம் செய்வோர் தம்மிடமுள்ள தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க வேண்டும் என்றே விதிக்கிறது.

கணக்கின் உண்மை மேக்ரோவுக்குள் புதைந்துவிடலாகாது என்பதற்கு நம் நாட்டு வரிச் சரித்திரமே போதிய சாட்சி. 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி வந்தது. 2018 ஜூன் 1-இல் அது பூச்சியமாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் விற்பனை வரியும் சேவை வரியும் மீண்டன. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 விழுக்காடாகி, உணவு, தொலைத்தொடர்பு போன்ற சில சேவைகளுக்கு மட்டும் 6 விழுக்காடாகவே நின்றது. வரி விகிதத்தை நிரலின் நடுவே எண்ணாக எழுதிவைத்தவர், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நிரல் அறிந்தவரைத் தேட வேண்டியவராகிறார். விகிதம், சேவையின் வகை, அமலுக்கு வரும் தேதி ஆகிய மூன்றையும் ஒரு சிறு அட்டவணையாகத் தாளில் வைத்தவர், அட்டவணையில் புதிய வரிசை ஒன்றைச் சேர்த்துவிட்டுத் தம் காரியத்தைப் பார்க்கிறார். பழைய விலைப்பட்டியல்களின் கணக்கும் கெடுவதில்லை. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிய மின் விலைப்பட்டியல் முறையிலும், வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் பல பட்டியல்களை ஒருங்கே ஏற்ற எக்செல் படிவமே தரப்படுகிறது. கணக்கைத் தூய அட்டவணையாக வைத்திருப்பவருக்கு அதை நிரப்புவது எளிதாகும்.

பழைய கோப்பு வடிவத்தைக் கைவிடாமல் வைத்திருப்பதன் கேடும் சிறியதன்று. எக்செல் 2007-க்கு முந்திய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகளே இடமுண்டு. புதிய வடிவத்தில் 10,48,576. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2020-இல் கொரோனா பரிசோதனை முடிவுகளைத் திரட்டப் பழைய வடிவத்தைப் பயன்படுத்தியதால், வரிசைகள் நிறைந்தபின் வந்தவை விழுந்துபோய், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகளின் விவரம் உரிய காலத்தில் கணக்கில் சேராது போயிற்று. அவர்களோடு பழகியவர்களை எச்சரிப்பதும் அதனால் தாமதமாயிற்று. கிள்ளான் துறைமுகத்தின் சரக்குப் பெட்டிகளைப் பல ஆண்டுகளாக ஒரே ஏட்டில் பதிந்துவரும் முகவர் நிறுவனம், தன் ஏடு எந்த வடிவில் இருக்கிறது என்பதை இன்றே பார்த்துவிடுவது நலம்.

இவ்வளவையும் தொகுத்து நோக்கினால் ஒரு நெறி புலப்படுகிறது. கணக்கிடுவதைச் சூத்திரத்துக்கும், சேர்த்துவைப்பதைத் தூய அட்டவணைக்கும், மாறக்கூடிய விகிதங்களைத் தனிக் கட்டங்களுக்கும் உரியதாக்கி, அச்சிடுதல், பிரித்துச் சேமித்தல், அனுப்புதல் என்னும் கைவேலைகளை மட்டும் மேக்ரோவிடம் ஒப்படைக்க வேண்டும். தரவு ஓர் ஏட்டிலும் மேக்ரோ மற்றோர் ஏட்டிலும் இருப்பது இன்னும் மேலானது. தரவேடு எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் எல்லாக் கருவிகளுக்கும் தடையின்றிச் செல்லும், மேக்ரோ ஏடு அலுவலகக் கணினியை விட்டு வெளியேறாது. புதிய ஏடு ஒன்றைப் பயன்பாட்டுக்கு விடுமுன் அதை அலுவலகத்தின் மிகப் பழைய கணினியிலும், மேக்கிலும், ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும், ஓர் ஐபோனிலும் திறந்து, விடை தெரிந்த ஒரு சம்பளத்தை, உதாரணமாக 2,350 ரிங்கிட்டை இட்டு, 260-ம் 307-ம் வருகின்றனவா என்று சோதிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மேக்ரோ என்ன செய்கிறது, எந்த வரிசையில் செய்கிறது, எந்த அடைவில் எதை எழுதுகிறது என்பதை ஏட்டின் முதல் தாளிலேயே தமிழிலோ மலாயிலோ எளிய வாக்கியங்களில் எழுதிவைக்க வேண்டும். நிரல் எழுதியவர் வேலை மாறிச் சென்றபின், அந்த நிரலைத் தொடப் பயந்து, அதன் தவறுகளையும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் சுமக்கும் அலுவலகங்கள் உண்டாவது இந்த ஒரு தாள் இல்லாமையால்தான். பொத்தான் இயங்காத இடத்திலும் அதே காரியத்தைக் கையால் செய்து முடிக்க அந்தத் தாள் வழிகாட்டும். புதிய கருவிக்கோ புதிய மொழிக்கோ மேக்ரோவை மாற்றி எழுத வருபவருக்கு அதுவே மூலமாக அமையும். சம்பளக் கணக்கு என்பது உழைத்தவரின் ஊதியத்தையும் அவர் முதுமைக்கான சேமிப்பையும் பற்றிய சாசனம். ஒரு குறிப்பிட்ட கணினியும் ஒரு குறிப்பிட்ட மனிதரும் இருந்தால் மட்டுமே சரிபார்க்கக்கூடிய நிலையில் அதை வைத்திருப்பது அந்த உழைப்பாளிக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அவரே தம் கைப்பேசியில் திறந்து, ஒவ்வொரு தொகையும் எவ்வாறு வந்தது என்று பார்த்து அறியும்படி அமைந்த கணக்கே செம்மையான கணக்கு.